எழுதாமல் விட்ட இருநூறு மில்லி

என்னிடம் மிஞ்சியிருக்கும் நாட்குறிப்புகளில் மிகப் பழையது, நர்சிங் இரண்டாம் ஆண்டில் எழுதியது. அதன் முதல் பக்கத்தில் தேதி கிடையாது. எண்கள்தான் இருக்கின்றன. சோடியம் 135 முதல் 145 வரை. பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை. யூரியா 15 முதல் 40 வரை. கிரியாட்டினின் 0.6 முதல் 1.2 வரை. சிறுநீர் ஒரு நாளைக்கு 400 மில்லிக்குக் கீழே போனால் உடனே சொல்ல வேண்டும். எல்லாம் நீல மையில் எழுதியவை. பொட்டாசியத்துக்கு அடியில் மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடுகள் இருக்கும். அவற்றைப் பிறகு போட்டேன்.

மற்ற எண்கள் எல்லை தாண்டினால் உடம்பு பெரும்பாலும் ஏதாவது ஒரு வகையில் காட்டிக்கொடுத்துவிடும். நாக்கு வறளும், முகம் வெளுக்கும், பேச்சு குழறும். பொட்டாசியத்தை அப்படி நம்ப முடியாது. அதற்கு உடம்பு ஒதுக்கியிருக்கும் இடம் ஒன்றரை எண் அகலம்தான். அந்த எண் ஏழைத் தொட்டுவிட்டால், பேசிக்கொண்டே இருக்கும் ஆளின் இதயம் பேச்சின் நடுவில் நின்றுவிடலாம். வகுப்பில் இதைக் கேட்டு எழுதிக்கொண்ட அன்று, தேர்வில் வரக்கூடிய ஒரு வரி என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கோடைக்காலம். கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எங்களுக்குப் பயிற்சி. விடுதி ஆர்.எஸ்.புரத்தில் இருந்தது. காலை ஆறே முக்காலுக்குள் வார்டில் நிற்க வேண்டும். எனக்கு ஆண்கள் பொது மருத்துவ வார்டு, காலை ஷிப்ட், ஏழிலிருந்து இரண்டு வரை. கடைசி ஜன்னலோரக் கட்டில் என் பொறுப்பில் இருந்தது.

அந்தக் கட்டிலில் இருந்தவர் காங்கேயம் பக்கத்து விவசாயி, ஐம்பது வயதிருக்கும். தோப்பில் குவித்து வைத்திருந்த காய்ந்த தென்னை மட்டையைப் புரட்டும்போது கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. விஷமுறிவு மருந்தை ஊர்ப் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். கால் வீக்கம் வடிந்தது, ரத்தம் உறைய ஆரம்பித்தது, ஆள் பிழைத்துவிட்டார் என்று நினைத்த நேரத்தில் சிறுநீர் நின்றுவிட்டது. விரியன் விஷம் அப்படித்தான். போகிற போக்கில் சிறுநீரகத்தை அடித்துவிட்டுப் போகும். சில வாரம் தாக்குப்பிடித்தால் அது தானாகத் திரும்பி வரவும் கூடும். அந்தச் சில வாரம் அவரை உயிரோடு வைத்திருப்பதுதான் எங்கள் வேலை.

அதற்கான வழி பார்ப்பதற்கு எளிது. நேற்று எவ்வளவு சிறுநீர் போனாரோ அதோடு 500 மில்லி சேர்த்து, அவ்வளவு திரவம் மட்டும் இன்று கொடுக்க வேண்டும். அந்த ஐந்நூறு, மூச்சிலும் வியர்வையிலும் போவதற்கு. நேற்று 300 என்றால் இன்று 800. கஞ்சி, காப்பி, மாத்திரை விழுங்கும் தண்ணீர், நரம்பு வழியாக ஏறும் மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். பழம், பழச்சாறு, இளநீர் கூடாது. அவற்றில் பொட்டாசியம் அதிகம், வெளியேற்றுவதற்கு அவரிடம் சிறுநீர் இல்லை. இந்த உத்தரவு கேஸ் ஷீட்டில் இருந்தது. கட்டிலின் தலைமாட்டில் ஆங்கிலத்தில் ஓர் அட்டையாகவும் தொங்கியது. சேர்த்த அன்று வார்டு சிஸ்டர் அதை அவருடைய அண்ணனிடம் வேறு பத்து விஷயங்களோடு சேர்த்துச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் மனைவி பெட்பேன் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது மனைவி. அண்ணன் ஊருக்குத் திரும்பிவிட்டார். அந்த அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்.

எனக்கு அளவு என்றால் உயிர். நோயாளியின் எவர்சில்வர் டம்ளரில் அளவுக் குவளையிலிருந்து ஊற்றிப் பார்த்து, 100 மில்லி நிற்கும் இடத்தில் வெளிப்பக்கம் பிளாஸ்டர் ஒட்டினேன். கஞ்சிக் கரண்டியையும் அளந்தேன். அறைத்தோழி பாலக்காட்டுக்காரி, பக்கத்து வார்டில் இருந்தாள். அவள் என்னை "அளவுக்காரி" என்றுதான் கூப்பிடுவாள்.

"எடீ அளவுக்காரி, அந்த ஆள் அழுதா கண்ணீரையும் பிடிச்சு எழுதுவியா?"

"ஐந்நூறுக்குள்ள அது அடக்கம்" என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எழுதும் தாளை நாங்கள் ஐ.ஓ. சார்ட் என்போம். திங்கள்கிழமை: உள்ளே 780, வெளியே 280. எடை 61 கிலோ. பொட்டாசியம் 5.2. செவ்வாய்: வெளியே 300, எடை 60.8. பொட்டாசியம் எல்லையைக் கொஞ்சம் தாண்டிய எண்தான், ஆனால் அங்கேயே நின்றது. "இப்படியே நின்னா டயாலிசிஸ் வேண்டாம், பார்ப்போம்" என்றார் டாக்டர்.

கட்டிலில் இருந்தவருக்கு வாய்க்கால் பாசனமும் கொஞ்சம் உண்டு போலிருக்கிறது. நான் சிறுநீர்க் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"ஏனுங்கம்மணி, மடை தொறந்துட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்கய்யா. முன்னூறுதான்."

"அட, அது கசிவு. கசிவுல எங்கீங்க வெள்ளாமை பண்றது."

"வாயி மட்டும் கொறையறதில்லை" என்பார் மனைவி, கால்மாட்டில் உட்கார்ந்தபடி. பிறகு என்னிடம் திரும்பி, "உங்கூரு சிறுவாணித் தண்ணி சக்கரையாட்ட இருக்குது நர்சம்மா. இதையப் போயி மருந்தாட்ட அளந்து குடுக்கறீங்களே" என்பார். தாகத்தில் அவர் உதட்டை நக்குவதைப் பார்க்க முடியாமல் அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் அதையும் பார்த்தேன். பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். பஞ்சு உறிஞ்சும் தண்ணீரை ஐந்து மில்லி என்று எழுதினேன்.

செவ்வாய் மதியம் ஷிப்ட் முடியும் நேரத்தில் அந்த அம்மா எந்த ஊர் என்று கேட்டார். கொடுமுடி என்றேன்.

"கொடுமுடியா! என்ற பெரியம்மாளக் குடுத்த ஊரு. அப்ப நீ நம்மூட்டுப் புள்ள. இத்தன நாளா அசலாராட்ட நர்சம்மா நர்சம்மான்னு கூப்புட்டுட்டு இருந்தனே."

புதன்கிழமை காலை ஏழு நாற்பது. பார்வையாளர் நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. முதல் பஸ்ஸில் வந்த அண்ணன் ஒரு தூக்குப்போசியை வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். வார்டுக்குள் அரிவாள் கொண்டுவர முடியாது என்பதால் தோப்பிலேயே இளநீரைச் சீவி, போசியில் ஊற்றி, துணி கட்டி எடுத்து வந்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. தெர்மாமீட்டரோடு நான் உள்ளே நுழைந்தபோது அந்த அம்மா இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இந்தா கண்ணு, குடி. நம்ம தோப்புக் காயி. காலையில எறக்கினது."

"வேண்டாங்கம்மா. நாங்க வாங்கக் கூடாதுங்க."

"வாங்கறதென்ன, குடிக்கறதுதான. கொடுமுடிக்காரி தண்ணி வேண்டாங்கறியா? ஒறம்பரை ஊட்டுல தண்ணி குடிக்காமப் போவியா நீ?"

எங்கள் பக்கத்தில் அது சின்னச் சொல் அல்ல. ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்காமல் எழுந்தால் உறவு வேண்டாம் என்று பொருள். நோயாளிகளிடமிருந்து ஒரு பிஸ்கட்கூட வாங்கக் கூடாது என்பது மாணவிகளுக்கு எழுதித் தந்த விதி. திரைக்குள் நாங்கள் மூன்று பேர்தான். நான் டம்ளரை வாங்கி, நின்றபடியே குடித்தேன். அது இருநூறு மில்லி பிடிக்கும் டம்ளர். நான் குடித்து முடித்தபோது கட்டிலில் இருந்தவரும் தம் டம்ளரைக் குடித்து முடித்துக் கண்ணை மூடியிருந்தார். பல நாளைக்குப் பிறகு வயிற்றில் ஈரம் பட்டவரின் முகம்.

"சூடெல்லாம் எறங்கீரும் பாரு. விசங்கறது சூடு. இளநி போனா நீரு தன்னால எறங்கும்" என்றார் அந்த அம்மா.

எங்கள் வீட்டிலும் நீர்க்கடுப்புக்கு அதைத்தான் கொடுப்பார்கள். உத்தரவு எனக்கு மனப்பாடமாகத் தெரியும். பழம், பழச்சாறு, இளநீர் கூடாது. வாயில் இன்னும் இனிப்பு இருந்தது. அந்த வாயால் அதை எப்படிச் சொல்வது? "இன்னிக்கு ஒரு நாளைக்குப் போதுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

எட்டு மணிக்குச் சார்ட்டை எடுத்தேன். நேரம் என்று போட்ட கட்டத்தில் 7.40 என்று எழுதலாம். எதிரே, இளநீர் 200. சிஸ்டர் மேற்பார்வைக்கு வந்தால் முதலில் கேட்பது, யார் கொடுத்தது என்பது. அடுத்தது, நீ எங்கே இருந்தாய். பேனா முனையை அந்தக் கட்டத்தின் மேல் வைத்திருந்தது நினைவிருக்கிறது. பிறகு அடுத்த வரிக்குப் போய், 8.00, மாத்திரையோடு தண்ணீர் 50 என்று எழுதினேன். அன்று மதியம் அதுவரையிலான கணக்கைக் கூட்டிக் கொடுத்தபோது ஒரு மில்லிகூடப் பிசகவில்லை. சிஸ்டர் தாளைத் திருப்பிப் பார்த்து, "எல்லாரும் இப்படி எழுதினா எனக்கு என்ன வேலை" என்றார்.

புதனன்று காலை எடை 60.6 இருந்தது. அந்த இளநீருக்கு முன்னால் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 5.3.

வியாழன் காலை எடை 61.3. சார்ட்டின்படி, அந்த ஐந்நூறையும் சேர்த்தால், உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரிக்குச் சரி. சரிக்குச் சரியாக இருந்தால் படுத்த படுக்கையில் இருப்பவரின் எடை கொஞ்சம் இறங்க வேண்டும், ஏறக் கூடாது. ஒரே நாளில் 700 கிராம் சதை போடாது. அது தண்ணீர்தான். நான் எடைமேடையை நகர்த்தி, சமதரையில் வைத்து, மறுபடி நிறுத்தினேன். 61.3. "அந்த மேடை பழசு, ஸ்பிரிங் போயிடுச்சு" என்றார் சிஸ்டர். நான் என்னையே நிறுத்திப் பார்த்தேன். போன வாரம் இருந்த அதே 44. ஸ்பிரிங் போகவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை, நாட்குறிப்பில் எழுதினேன்.

கட்டிலுக்கு அடியில் புதனன்று ஒரு போசி இருந்தது. வியாழனன்று இரண்டு. வெள்ளியன்று நான்கு, வரிசையாக, வாயில் துணி கட்டி. அண்ணன் மட்டுமல்ல, மச்சான், பங்காளிகள் என்று ஒவ்வொருவராக வந்து போனார்கள். ஒருவர் தோப்புக் காயைப் போல் இன்னொருவர் தோப்புக் காய் இருக்காது. ஒருவர் கொண்டுவந்தால் மற்றவர் கொண்டுவராமல் இருக்க முடியாது. தரையைத் துடைக்க வந்த ஆயா துடைப்பத்தால் போசிகளை ஒதுக்கியபோது உள்ளே தளும்பும் சத்தம் கேட்டது. அந்த அம்மா குடிக்க மோர் வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குனிந்து துணியை அவிழ்த்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. நான் குனியவில்லை.

வெள்ளிக்கிழமை எடை 62.1. கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. நாடி 82 இருந்தது 64 ஆகியிருந்தது. சோடியம் 131க்கு இறங்கியிருந்தது. தண்ணீர் கூடினால் அது நீர்த்துப்போகும். பொட்டாசியம் 6.2.

டியூட்டி டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "ரத்தம் எடுக்கும்போது யார் கட்டுப் போட்டது?" என்றார்.

"நான்தான் டாக்டர்."

"ரொம்ப இறுக்கிக் கட்டினியா? குப்பியைக் குலுக்கினியா? செல் உடைஞ்சா பொட்டாசியம் பொய்யா ஏறிக் காட்டும். யூரின் கூடிட்டு வருது, சார்ட் சரியா இருக்கு, இது எப்படி ஆறுக்குப் போகும்? நாளைக்குக் காலைல மறுபடி எடு. ஒழுங்கா எடு."

இது உண்மையாக நடக்கக்கூடியதுதான், எங்கள் பாடத்திலேயே இருந்தது. என் கைத்தவறு என்று சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. திட்டு வாங்கி இவ்வளவு நிம்மதியாக இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். நான் கட்டை இறுக்கவில்லை, குப்பியைக் குலுக்கவும் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது கட்டிலில் இருந்தவர் கூப்பிட்டார். சிரிக்கவில்லை.

"அம்மணி, காலு ரெண்டும் ஈரச் சாக்காட்ட இருக்குது. தூக்குனா வரமாட்டீங்குது. வெரலெல்லாம் மரமரன்னு."

"டாக்டர்கிட்டச் சொல்றேனுங்கய்யா."

"மடை?"

"முன்னூத்தி நாப்பது."

"ம்" என்றார். அவர் பேசாமல் இருந்தது எனக்கு எல்லா எண்களையும்விடப் பயமாக இருந்தது. டியூட்டி டாக்டரிடம் கால் தளர்ச்சியைச் சொன்னேன். பாம்பு கடித்த கால், படுக்கையிலேயே இருக்கிறார், அப்படித்தான் இருக்கும் என்றார். போசிகளைப் பற்றி நான் சொல்லவில்லை. விடுதிக்கு நடந்து போகும்போது, மூன்று நாளாகிவிட்டது, இனிமேல் சொன்னால் மூன்று நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள் என்று தோன்றியது. ஒரு நாள் தாமதம் அடுத்த நாள் தாமதத்துக்குக் காரணமாகிவிடுவதை அன்று முதல் முறையாகக் கண்டேன்.

சனிக்கிழமை காலை நான் கட்டே போடாமல், பெரிய நரம்பாகப் பார்த்து, டியூட்டி டாக்டருக்குக் கையைப் பிடித்துக்கொடுத்தேன். குப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நானே சோதனைக்கூடத்துக்கு நடந்தேன். சிறுநீர் 320. எடை 63.

ஒன்பதரைக்கு அறிக்கை வந்தது. 7.1. கீழே சோதனைக்கூடத்தார் தங்கள் கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: செல் உடையவில்லை, இரண்டு முறை பார்த்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். ஈ.சி.ஜி. பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். காகிதத்தில் சின்ன மேடாக வர வேண்டிய அலை ஒவ்வொன்றும் கூடாரம்போல் கூர்மையாக எழுந்து நின்றது. நாடி 48. பெரிய டாக்டர் கால்சியம் ஊசியைத் தாமே பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஏற்றினார். குளுக்கோஸும் இன்சுலினும் தயாராகிக்கொண்டிருந்தன. இவையெல்லாம் பொட்டாசியத்தைச் சில மணி நேரத்துக்கு ஒளித்துவைக்கும், அவ்வளவுதான். டயாலிசிஸுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சுவரோடு ஒட்டி நின்றார்.

டாக்டர் ஊசியை முடித்துவிட்டு என் சார்ட்டைக் கேட்டார். ஒரு வாரத்துத் தாளையும் விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார்.

"கஞ்சி 150. தண்ணி 50. பஞ்சு 5." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பஞ்சைக்கூட எழுதியிருக்கே. அப்ப ரெண்டு கிலோ எங்கிருந்து வந்துது? ஏழு எங்கிருந்து வந்துது?"

ஈ.சி.ஜி. பெட்டி காகிதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கூடாரங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போவது எனக்குத் தெரிந்தது.

"இளநீர் குடிக்கிறாருங்க டாக்டர்" என்றேன். "புதன்கிழமையிலிருந்து. நான் எழுதலை."

சிஸ்டர் குனிந்து கட்டிலடியிலிருந்து ஒரு போசியை இழுத்தார். அன்றைய போசி, அரை அளவு இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை?" என்று டாக்டர் அந்த அம்மாவிடம் கேட்டார்.

"நாலு காயி இருக்குமுங்க. நேத்து அஞ்சு." அவருக்குக் குரல் நடுங்கவில்லை. என்ன நடக்கிறது என்று இன்னும் பிடிபடாத முகம். "அது கெடுதலுங்களா?"

"அம்மா, அதுதாம்மா இவரைக் கொல்லுது. கூடாதுன்னு மொதல் நாளே சொல்லியிருக்காங்களே."

"என்ற கிட்ட ஆருஞ் சொல்லலீங்களே." அவர் என்னைப் பார்த்தார். "இந்தக் கண்ணுங் குடிச்சுதுங்க. எம்முன்னாடியேதானுங்க குடிச்சுது. கெடுதலா இருந்தா நர்சுப் புள்ள குடிக்குமாங்க? அதுக்கப்பறந்தானுங்க, ஒண்ணும் பண்ணாதுன்னு, எல்லாருத்தையும் கொண்டாரச் சொன்னேன்."

குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. சாட்சி சொல்லும் குரல். நான் எழுதாமல் விட்டது இருநூறு மில்லி என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் குடித்த டம்ளர்தான் அனுமதிச் சீட்டு என்பது அந்த நொடியில்தான் விளங்கியது.

அவரை டயாலிசிஸுக்கு உருட்டிப்போனார்கள். மாலை பொட்டாசியம் 6.0. அடுத்த நாள் 5.4. அதற்கு மேல் இரண்டு முறை டயாலிசிஸ் ஆனது. உயிர் தங்கியது.

என்னை வெளியே அனுப்புவார்கள் என்று பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். சிஸ்டர் கூப்பிட்டார். மேஜையில் புதன்கிழமைச் சார்ட்டும் சிவப்புப் பேனாவும் இருந்தன.

"அடிக்காதே, திருத்தாதே. ஓரத்துல எழுது."

7.40, இளநீர் 200 மி.லி., அப்போது எழுதப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றிரவு என் நாட்குறிப்பில் கோடுகள் போட்டதும் அதே நிறத்தில்தான்.

"இனி அந்தக் கட்டிலுக்கு நான் வேண்டாம் சிஸ்டர்" என்றேன்.

"நீதான் வேணும். நீ அங்கயேதான் நிப்பே."

நின்றேன். அந்த அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். டம்ளரை நான் நீட்டினால் கட்டில் விளிம்பில் வைக்கச் சொல்வதுபோல் கையைக் காட்டுவார். பிறகு எடுத்து, மோந்து பார்த்து, தாம் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் அவருக்குக் கொடுப்பார். அந்த ஒரு வாயைக் கழித்து எழுத வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வருகிறவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அண்ணன் மட்டும் ஒரு நாள் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "எங்கிட்டச் சொன்னாங்க அம்மணி, நாந்தான் மறந்துபோட்டேன். அவகிட்டச் சொல்லீராத" என்றார். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது வாரத்தின் முடிவில் சிறுநீர் 900 வந்தது. மறுநாள் 1,800. அதற்கடுத்த நாள் 3,200. சிறுநீரகம் திரும்பி வரும்போது முதலில் அளவு தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே தள்ளும்.

"தொறந்துபோட்டாங்கம்மணி!" என்றார் அவர். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. எடை நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியது. நாக்கு காய்ந்தது. அந்த ஒன்றரை எண் அகலப் பாதையில் அவர் இப்போது மறுபக்க விளிம்புக்கு ஓடிக்கொண்டிருந்தார். பொட்டாசியம் 3.8, பிறகு 3.0. அங்கேயும் கீழே பள்ளம்தான். குறைந்தாலும் இதயம் தடுமாறும்.

அன்று காலைச் சுற்றில் டாக்டர் சீட்டில் ஒரு வரி எழுதினார். பிறகு தமிழில் அந்த அம்மாவிடம் சொன்னார். "இனி இளநீர் குடுக்கலாம்மா. குடுத்தே ஆகணும். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "வேண்டாமுங்க."

"அன்னிக்கு உடம்புல கூடுதலா இருந்துது. இன்னிக்குக் குறையுதும்மா."

"அன்னைக்குக் கொல்லுதுன்னீங்க. இன்னைக்குக் குடுங்கறீங்க. நான் குடுக்கமாட்டனுங்க. என்ற கையால ஒருக்காக் குடுத்தது போதுமுங்க."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் கேன்டீனுக்கு ஆள் அனுப்பி ஓர் இளநீர் வரவழைத்தார். நான் அளவுக் குவளையில் ஊற்றினேன். 250. அதிலிருந்து 200ஐ அவருடைய டம்ளரில் ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. டம்ளரை நீட்டினேன்.

அந்த அம்மா அதைத் தொடவில்லை. குவளையின் அடியில் மிஞ்சியிருந்த ஐம்பதைக் காட்டினார்.

"நீ குடி மொதல்ல."

பதினொரு நாளில் என்னிடம் பேசிய முதல் சொல். நான் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"குடி" என்றார் சிஸ்டர்.

குடித்தேன். அந்த அம்மா நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வார்டுக் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் போனது. பத்து. நான் நல்லவள் என்று நம்ப வேண்டும் என்பதல்ல, நான் விழாமல் நிற்கிறேனா என்பதைத்தான் அவர் பார்த்தார்.

"புள்ளை நல்லாத்தான் நிக்குது. குடு, தொண்டை காயுது" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"சும்மா இருங்க நீங்க."

இன்னும் இரண்டு நிமிடம். பிறகு அந்த அம்மா டம்ளரை எடுத்து அவர் வாயில் வைத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் சார்ட்டில் எழுதினேன். 9.50. இளநீர் 200 மி.லி.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேனுங்கம்மா."

"காட்டு."

தாளைப் பக்கத்தில் கொண்டுபோய் அந்த வரிக்கு அடியில் விரலை வைத்தேன். அவர் என் விரலை ஒதுக்கிவிட்டுத் தம் விரலை அங்கே வைத்தார். ஆங்கிலத்தில் இருந்ததை வாசிக்கத் தெரியாமல், அந்த எழுத்தின் வடிவத்தை அப்படியே மனதில் ஏற்றிக்கொள்பவரைப் போல வெகுநேரம் பார்த்தார். மாலையில் இரண்டாவது இளநீருக்கு, ஷிப்ட் முடிந்தும் நான் போகாமல் இருந்தேன். அப்போதும் தாளைக் கேட்டு வாங்கி, காலையில் பார்த்த வரியை முதலில் தேடினார். அது அங்கேயே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் டம்ளரைக் கையில் எடுத்தார்.